165 கிலோ, 135 மில்லிமீட்டர்: மண்பாதையில் பழைய பைக்கின் கணக்கு

1956-ஆம் ஆண்டு முடிவதற்குள் திருவொற்றியூர் ஆலை பூட்டி முடித்த ராயல் என்ஃபீல்டு புல்லட்டுகள் 163. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்து கப்பலில் வந்த பாகங்களைக் கொண்டு உருவான வண்டிகள் அவை. அதற்கு 4 ஆண்டுகள் முன்பு, 1952-இல், புல்லட்டை இங்கே விற்றுவந்த கே.ஆர். சுந்தரம் ஐயரின் மெட்ராஸ் மோட்டார்ஸுக்கு இந்திய ராணுவம் கொடுத்த ஆர்டர் 800 வண்டிகள். அந்த ஆர்டரோடு ஒப்பிட்டால் ஆலையின் முதல் ஆண்டு உற்பத்தி சுமார் 20 சதவீதம்தான். 2024-25 நிதியாண்டில் ராயல் என்ஃபீல்டு விற்றவை 10,09,900 வண்டிகள், அதாவது நாளொன்றுக்குச் சராசரியாக 2,767. 1956-இன் 163 என்ற எண்ணை இந்த விற்பனை வேகம் ஏறக்குறைய 85 நிமிடங்களில் தொட்டுவிடும். 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தபோது திருவொற்றியூர் அதில் சேர்ந்தது. 2018-இல் சென்னை மாவட்டத்துக்குப் போனது. அதனால் திருவள்ளூர் மாவட்டத்துப் பட்டறைகளில் புல்லட் ஒரு பிற்காலப் பொழுதுபோக்காக வந்து சேரவில்லை, உள்ளூர்ச் சரக்காகவே இருந்தது.

அந்த வண்டிக்கு மண்பாதையோடு உள்ள உறவு ஆலையை விடவும் பழையது. 1948 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கோல்மோர் கோப்பை டிரையலில்தான் 350 சிசி புல்லட்டின் முன்மாதிரிகள் வெளியே தெரிந்தன. அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த பன்னாட்டு ஆறு நாள் டிரையலில் கோப்பை வென்ற பிரிட்டிஷ் அணியில் 2 புல்லட்டுகள் இருந்தன. ஓட்டிய இருவருக்கும் தங்கப் பதக்கம். பின்சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பர் வைத்த வண்டி சேற்றில் தாங்காது என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. 71 ஆண்டுகள் கழித்து, 2019 மார்ச்சில், நிறுவனம் அந்த நினைவில் ‘புல்லட் டிரையல்ஸ்’ மாடலை வெளியிட்டது. ஷோரூம் விலை 350 சிசிக்கு 1.62 லட்சம் ரூபாய், 500 சிசிக்கு 2.07 லட்சம் ரூபாய். மேல்நோக்கிய சைலன்சர், ஒற்றை சீட், கட்டை வைத்த டயர் எல்லாம் இருந்தன. 2020-இல் விற்பனை நின்றது.

ஒரு வண்டி மண்ணில் எவ்வளவு தூரம் போகும் என்பதை முதலில் சொல்வது தரை இடைவெளி. யூசிஇ எஞ்சின் (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே உறையில் அமைந்தது) வைத்த புல்லட்டில் அது 135 மில்லிமீட்டர். அதே நிறுவனம் 2016-இல் கொண்டுவந்த ஹிமாலயன் 411-இல் 220 மில்லிமீட்டர், அதாவது 63 சதவீதம் கூடுதல். முன் ஃபோர்க்கின் அசைவு புல்லட்டில் 130, ஹிமாலயனில் 200 மில்லிமீட்டர். பின்பக்கம் 80-க்கு எதிரே 180, இரண்டேகால் மடங்கு. மழை அறுத்த வண்டித்தடத்தில் 150 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு கல் துருத்திக்கொண்டிருந்தால் ஹிமாலயன் 70 மில்லிமீட்டர் மிச்சம் வைத்துத் தாண்டும். புல்லட்டின் எஞ்சின் அடிப்பகுதி கல்லில் மோதும். இந்த 85 மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பணம் போட்டு முழுதாக ஈடுகட்ட வழியில்லை. பழைய வண்டியை எடுத்துக்கொண்டு மண்ணில் இறங்குகிறவர் தடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், வேகத்தையும் குறைக்க வேண்டும்.

அடுத்தது எடை. இங்கே ஆர்வலர்கள் கையில் அதிகம் காணும் மூன்று பழைய வண்டிகளை எடுத்துக்கொள்ளலாம். வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350 சுமார் 165 கிலோ, 18 பிஹெச்பி. மைசூரின் ஐடியல் ஜாவா தயாரித்த யெஸ்டி ரோட்கிங் சுமார் 140 கிலோ, 16 பிஹெச்பி. யமஹா ஆர்எக்ஸ் 100 சுமார் 100 கிலோ, 11 பிஹெச்பி. 100 கிலோவுக்கு எத்தனை பிஹெச்பி என்று வகுத்தால் முறையே 10.9, 11.4, 11.0. மூன்றுக்கும் இடையில் 5 சதவீத வித்தியாசம்கூட இல்லை. 75 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறி உட்கார்ந்ததும் கணக்கு மாறுகிறது: புல்லட் 7.5, யெஸ்டி 7.4, ஆர்எக்ஸ் 6.3. வண்டி எவ்வளவு லேசோ அந்த அளவுக்கு ஓட்டுநரின் எடை அதைப் பாதிக்கிறது. ஆனால் மணலில் சரிந்த வண்டியைத் தனி ஆளாகத் தூக்கும் நேரத்தில் பிஹெச்பி உதவாது. 165-க்கும் 100-க்கும் உள்ள 65 கிலோ வித்தியாசம் ஒரு சிமெண்ட் மூட்டையை விட 15 கிலோ அதிகம். ஊரை விட்டு விலகிய தடங்களில் தனியாகப் போகிறவருக்கு என் தேர்வு லேசான வண்டிதான்.

எஞ்சினின் குணத்தை அதன் போரும் (சிலிண்டரின் உள்விட்டம்) ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் நீளம்) சொல்லிவிடுகின்றன. புல்லட் 70 × 90 மில்லிமீட்டர், 346.4 சிசி. யெஸ்டி 65 × 75 மில்லிமீட்டர், 248.9 சிசி. ஆர்எக்ஸ் 50 × 50 மில்லிமீட்டர், 98.2 சிசி. ஸ்ட்ரோக்கைப் போரால் வகுத்தால் 1.29, 1.15, 1.00. விகிதம் ஏற ஏற எஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே இழுக்கும் பாங்கில் அமைகிறது. சேற்றில் கிளட்சை எரிக்காமல் ஊர்ந்து போக அந்தப் பாங்கு உதவும். ஆர்எக்ஸை எப்போதும் உயர்ந்த சுழற்சியில் வைத்திருக்க வேண்டியிருக்கும்.

பணம் பெரும்பாலும் செலவாகும் இடம் சிலிண்டர். அதன் தேய்மானத்தை அறிய விலையுயர்ந்த கருவி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, ஒரு பிஸ்டன் ரிங்கும் ஃபீலர் கேஜும் போதும். ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்துப் பிஸ்டன் தலையால் சமமாகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். புது சிலிண்டரில், 25 மில்லிமீட்டர் போருக்கு 0.10 மில்லிமீட்டர் என்ற பட்டறை வழக்கப்படி, யெஸ்டியின் 65 மில்லிமீட்டர் போருக்கு இடைவெளி 0.26 வர வேண்டும். போர் 0.10 மில்லிமீட்டர் தேய்ந்து அகன்றால் சுற்றளவு அதைப் போல 3.14 மடங்கு, அதாவது 0.31 மில்லிமீட்டர் நீளும். அந்த நீளம் முழுவதும் ரிங்கின் வாயில் சேர்ந்து இடைவெளி 0.57 ஆகிறது. அதே ரிங்கை அடியில், தேயாத பகுதியில் வைத்தும் ஒருமுறை அளக்க வேண்டும். மேலே 0.57, கீழே 0.29 என்று வந்தால் வித்தியாசம் 0.28. அதை 3.14-ஆல் வகுத்தால் மேல்பகுதி கீழ்ப்பகுதியை விட 0.09 மில்லிமீட்டர் அகன்றிருக்கிறது என்று தெரியும். லேத் பட்டறைக்குப் போவதற்கு முன்பே இந்த எண் கையில் இருந்தால், ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்குவது) தேவையா, ரிங் மாற்றினால் போதுமா என்ற பேச்சு வெறும் அபிப்பிராயமாக முடியாது.

பட்டறையில் டயல் போர் கேஜ் இருந்தால் மேல், நடு, கீழ் என்று 3 உயரங்களில் இரண்டிரண்டு திசைகளாக மொத்தம் 6 அளவுகள் எடுக்கச் சொல்ல வேண்டும். திசைகளுக்கு இடையே வித்தியாசம் வந்தால் சிலிண்டர் நீள்வட்டமாகியிருக்கிறது, உயரங்களுக்கு இடையே வந்தால் கூம்பாகியிருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டையும் திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் சிட்கோவையும் நம்பிப் பிழைக்கும் சிறு பட்டறைகளுக்கு 0.01 மில்லிமீட்டர் அன்றாட அளவு. பழைய பைக் வைத்திருப்பவருக்கு இந்த வட்டாரம் தரும் மிகப் பெரிய வசதி இதுதான் என்பேன். ஆலைக்கு ஷாஃப்ட் கடையும் அதே கை இங்கே சிலிண்டரையும் கடைகிறது. அந்த 6 எண்களைத் தாளில் எழுதி வாங்குவது உரிமையாளரின் பொறுப்பு.

ரீபோர் என்பது திரும்பக் கிடைக்காத முதல். ஓவர்சைஸ் பிஸ்டன்கள் பொதுவாக 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என நான்கு படிகளில் வரும். முதல் ரீபோரிலேயே அவசரப்பட்டு 0.50-க்குத் தாவினால் இருப்பில் பாதி தீர்ந்துவிடும். கடைசிப் படியில் யெஸ்டியின் போர் 66 மில்லிமீட்டர், கொள்ளளவு 256.6 சிசி. கூடுவது 7.7 சிசி, வெறும் 3.1 சதவீதம். சக்திக்காக ரீபோர் செய்வதில் பொருளில்லை என்பதற்கு இந்த ஒரு எண் போதும். 1.00-க்கு மேல் போனால் ஸ்லீவ் போட வேண்டும், அது தனிச் செலவு.

மண்பாதைக்கு மலிவாகக் கிடைக்கும் மாற்றம் ஒரே ஒரு பல். புல்லட்டின் பின் ஸ்பிராக்கெட்டில் 38 பற்கள். முன்னால் 17 பல் இருந்தால் விகிதம் 2.235, 16 பல் போட்டால் 2.375. இழுவை 6.25 சதவீதம் கூடுகிறது, அதே எஞ்சின் சுழற்சியில் வேகம் 5.9 சதவீதம் குறைகிறது. சட்டகத்தில் எதையும் அறுக்க வேண்டாம். பழைய ஸ்பிராக்கெட்டைத் துணியில் சுற்றி வைத்தால் எந்த நாளும் திரும்பப் பூட்டலாம்.

கடலோரக் காற்றுக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும். புல்லட்டில் சக்கரத்துக்கு 40 ஸ்போக்குகள், இரண்டுக்கும் 80. பழவேற்காடு பக்கத்து உப்புக் காற்றில் முதலில் துரு ஏறுவது ஸ்போக்கும் நிப்பிளும் சேரும் அந்த 80 இடங்களில்தான். நிப்பிள் இறுகிப்போன சக்கரத்தை நேர்செய்ய முடியாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மண்ணில் ஓடி வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் தொடுவது ஸ்போக்கை விட மலிவு.

சட்டத்தின் எண்கள் இரும்பின் எண்களைப் போல எளிதாகப் பிடிபடுவதில்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, சட்டகத்திலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்யப்படாத சொந்த வாகனமே ‘விண்டேஜ்’. புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லும் காலம் 10 ஆண்டுகள், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு ‘வி.ஏ.’ எழுத்துகள் கொண்ட எண் கிடைக்கும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, விண்டேஜ் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்பல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே அந்த வண்டி சாலைக்கு வரலாம்.

இந்த 50 என்ற எண்ணால் இங்கே ஓடும் பெரும்பாலான பழைய வண்டிகள் வெளியே நிற்கின்றன. 1978-இல் வந்த ரோட்கிங்கின் முதல் வண்டிக்கே 50 வயது 2028-இல்தான் நிறையும். 1983-இன் ராஜ்தூத் 350-க்கு 2033, 1985-இன் ஆர்எக்ஸ் 100-க்கு 2035. ஐடியல் ஜாவா மூடப்பட்ட 1996-இல் வெளிவந்த யெஸ்டி 2046 வரை காத்திருக்க வேண்டும். இவை அனைத்தும் சாதாரண வண்டிகளாகவே 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டியவை. 2022 ஏப்ரலுக்கு முன் அதற்கு 300 ரூபாய், அதன்பின் 1,000 ரூபாய். 2025 ஆகஸ்டிலிருந்து 20 ஆண்டு கடந்த மோட்டார் சைக்கிளுக்கு 2,000 ரூபாய். மூன்றரை ஆண்டில் 6.7 மடங்கு. ஆனாலும் ஆண்டுக்கு வகுத்தால் 400 ரூபாய்தான் வருகிறது. விண்டேஜ் புதுப்பதிவு ஆண்டுக்கு 2,000 ரூபாய், ஐந்து மடங்கு. வார இறுதியில் மண்பாதையில் ஓட்ட நினைப்பவருக்குச் சாதாரணப் புதுப்பித்தலே செலவிலும் பயன்பாட்டிலும் பொருந்துகிறது. மத்திய விதிகளில் தாமதத்துக்கு மாதம் 300 ரூபாய் கூடுதல் கட்டணம் உண்டு. ஓர் ஆண்டு மறந்தால் 3,600 ரூபாய், கட்டணத்தை விட 1,600 ரூபாய் அதிகம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளரின் விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. மீறினால், 2019 திருத்தத்தின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பின் சட்டகத்தை அறுப்பது, வேறு எஞ்சின் வைப்பது, ஸ்விங் ஆர்மை நீட்டுவது என்று மூன்று வேலை செய்தால் 15,000 ரூபாய். அது ஏழரை முறை ஆர்.சி. புதுப்பிக்கும் தொகை, அதாவது 37 ஆண்டு 6 மாதத்துக்கான கட்டணம். ‘ஸ்கிராம்பளர் ஆக்கித் தருகிறோம்’ என்று முதல் நாளே கிரைண்டரை எடுக்கும் பட்டறைகளின் மதிப்பீட்டுத் தாளில் இந்தத் தொகை வருவதில்லை.

வரியில் ஒரு தளர்வு வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் மோட்டார் சைக்கிள் உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. வரிக்கு முன் 50,000 ரூபாய்க்குப் புது பாகங்கள் வாங்குவதாக வைத்துக்கொண்டால், முன்பு 64,000, இப்போது 59,000. மிச்சம் 5,000 ரூபாய், பழைய பில்லில் 7.8 சதவீதம். ஆர்.சி. கட்டணம் 1,000 ரூபாய் ஏறியதை 5 முறை, அதாவது 25 ஆண்டுகளுக்கு ஈடுகட்ட அது போதும். கடை அந்தக் குறைவை வாங்குபவருக்குக் கொடுத்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். புதுப்பேட்டையில் பேரம் பேசி வாங்கும் பழைய பாகத்துக்கு இது பொருந்தாது.

எரிபொருள்தான் புதிய கவலை. பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2013-14-இல் 1.5 சதவீதம், 2022-இல் 10, 2025-இல் 20 சதவீதம். 1980-களின் கார்புரேட்டர் எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு அமைக்கப்பட்டது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதக் கலவைக்கு ஏறக்குறைய 13.5 கிலோ. பழைய ஜெட்டோடு இதை ஓட்டினால் எஞ்சினுக்கு எரிபொருள் 8 முதல் 9 சதவீதம் குறைவாகப் போகும். டூ-ஸ்ட்ரோக்கில் அந்தக் குறைவு பிஸ்டனைச் சூடாக்கும். ஜெட் துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் விட்டத்தை 4 சதவீதம் கூட்டினால் போதும்: 1.00 மில்லிமீட்டருக்கு 1.04. ஒரு லிட்டரில் உள்ள ஆற்றலும் சுமார் 7 சதவீதம் குறைவு, 25 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 23 சொச்சம் கொடுக்கும். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் என்பதால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரக்கணக்கில் நிறுத்தும் வண்டியின் டேங்கைக் காலி செய்து வைப்பது நல்லது. பழைய ரப்பர் குழாய்களையும் மாற்றிவிட வேண்டும்.

ஓட்டும் செலவை 150 முதல் 350 சிசிக்குள் அடங்கும் யெஸ்டியை வைத்துப் பார்க்கலாம். 2022-இல் அறிவிக்கப்பட்ட மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் இந்தப் பிரிவுக்கு 1,366 ரூபாய், 18 சதவீத வரியோடு 1,612 ரூபாய். 75 முதல் 150 சிசி பிரிவில் இருக்கும் ஆர்எக்ஸுக்கு வரிக்கு முன் 714 ரூபாய், 350-க்கு மேல் 2,804 ரூபாய். யெஸ்டிக்குக் காப்பீடும் ஆர்.சி.யும் சேர்ந்து ஆண்டுக்கு 2,012 ரூபாய் நிலையான செலவு. பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், லிட்டருக்கு 25 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 4.04 ரூபாய். ஆண்டுக்கு 100 கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் நிலையான செலவு கிலோமீட்டருக்கு 20.12 ரூபாய். 500 கிலோமீட்டர் ஓட்டினால் 4.02 ரூபாய், பெட்ரோல் செலவுக்குச் சமம். 1:25 கலவையில் லிட்டருக்கு 40 மில்லி என 20 லிட்டருக்கு 800 மில்லி 2டி ஆயில் தனி. வண்டியை மூடி வைப்பதில் சிக்கனம் ஏதுமில்லை. நிற்கும் வண்டியின் கிலோமீட்டர் விலைதான் அதிகம்.

எங்கே ஓட்டுவது என்பதற்கும் எண் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்தின் பரப்பு சுமார் 3,422 சதுர கிலோமீட்டர். 1980-இல் அறிவிக்கப்பட்ட பழவேற்காடு பறவைகள் சரணாலயம் 153.67 சதுர கிலோமீட்டர், அதாவது மாவட்டப் பரப்பில் ஏறக்குறைய 4.5 சதவீதத்துக்குச் சமம். அங்கே வண்டி இறங்கக் கூடாது. குடியம் குகைப் பக்கத்துக் காப்புக்காட்டுக்குள்ளும் வனத்துறை அனுமதியின்றிப் போகக் கூடாது. ஏரிக்கரை மேல் ஓட்டுவதையும் நான் ஏற்கமாட்டேன்: டயர் கீறிய கரையில் அடுத்த மழைத் தண்ணீர் வழி தேடும், கீழே இருப்பது யாரோ ஒருவரின் வயல். அனுமதி பெற்ற தனியார் நிலமும் ஊர்ப்பொது மண்சாலையும்தான் மிச்சம். சோழவரத்தின் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990-இல் 3.717 கிலோமீட்டர் தடத்தோடு இருங்காட்டுக்கோட்டை திறந்தபின் பந்தயம் இந்த வட்டாரத்தை விட்டே போய்விட்டது. மண்பாதைக்கென்று முறையான ஒரு மைதானத்தைச் சென்னையின் வடக்குப் பக்கத்திலும் கேட்பது நியாயமான கோரிக்கை.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. டிஎன் 20 ஆனாலும் டிஎன் 18 ஆனாலும், அதற்கு முந்தைய மூன்றெழுத்து எண் ஆனாலும், முதலில் ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் இரும்பில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பிறகு ரிங் இடைவெளியை அளந்து எழுதுங்கள். ஸ்பிராக்கெட், ஹேண்டில்பார், டயர் என்று கழற்றித் திரும்ப மாட்டக்கூடியவற்றை மட்டும் மண்ணுக்காக மாற்றுங்கள், கழற்றியதைத் தூக்கி எறியாதீர்கள். 1985-இல் பதிவான ஓர் ஆர்எக்ஸ் 2035-இல் விண்டேஜ் பதிவுக்குத் தகுதி பெற வேண்டுமானால், அதுவரை அதன் சட்டகத்தில் கிரைண்டர் படக் கூடாது.